கணக்குக் கேட்டவர்கள் – 9: எட்டு ஷில்லிங் பரீட்சை

ராபர்ட் லோவின் கண்களுக்கு வெளிச்சம் ஆகாது. பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்தவர். பகல் வெளிச்சத்தில் இமையைச் சுருக்கிக்கொண்டுதான் நடப்பார். புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துத்தான் படிப்பார். பார்வை முழுதாகப் போய்விடும் என்று டாக்டர்கள் எச்சரித்ததால், கண் இருக்கும்போதே நாலு காசு சேர்த்துக்கொள்ள 1842இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி சிட்னியில் வக்கீல் தொழில் செய்தார். பார்வை போகவில்லை. 1850இல் லண்டனுக்குத் திரும்பி, ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குத் தலையங்கம் எழுதி, நாடாளுமன்றத்துக்கும் போனார். 1859இல் இங்கிலாந்தின் கல்விக் குழுவுக்குத் துணைத்தலைவர் ஆனார். பெயர்தான் துணைத்தலைவர், வேலை கல்வி அமைச்சருடையது.

அரசுப் பணத்துக்கு இன்ன பலன் வந்தது என்று காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பணம் இல்லை என்ற விதியை ஒரு நாட்டின் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றின் மேலும் சுமத்தியவர் இவர்தான். இன்று அலுவலகந்தோறும் இலக்கு என்றும் பொறுப்புடைமை என்றும் பேசுகிற எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு வேர் இருக்கிறது. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த வரி வசூல் கணக்கு, படைக் கணக்கு எதிலும் இல்லாத சிக்கல் ஒன்று இந்த வாரம் வருகிறது. மூட்டையை எண்ணலாம், துப்பாக்கியை எண்ணலாம். ஒரு குழந்தை கற்றுக்கொண்டதை எண்ணுவது எப்படி?

லோவின் கேள்வி நியாயமானது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1833இல் பிரிட்டிஷ் அரசு முதன்முறையாகப் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒதுக்கிய தொகை 20,000 பவுண்டு. அதுவும் இரண்டு மதச் சங்கங்களின் வழியாகக் கட்டடம் கட்டக் கொடுத்தது. 1839இல் கல்விக்கென ஒரு குழு அமைந்தது. அதன் முதல் செயலாளர் ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த் ஒரு டாக்டர். மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்களின் நோயையும் வறுமையையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர். ஏழைப் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர் வேண்டும் என்றால் ஆசிரியரைத்தான் முதலில் வளர்க்க வேண்டும் என்று நம்பினார். 1846இல் மாணவ-ஆசிரியர் திட்டம் வந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஐந்து ஆண்டு ஓர் ஆசிரியரிடம் தொழில் பழகுவார்கள். அரசு உதவித்தொகை தரும். பயிற்சிக் கல்லூரி முடித்துச் சான்றிதழ் வாங்கிய ஆசிரியருக்குச் சம்பளத்தோடு அரசு நேராக ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தது.

செலவு ஏறிக்கொண்டே போனது. 1861இல் கல்வி மானியம் 8,13,000 பவுண்டு. இடையில் கிரிமியப் போர் கஜானாவைக் காலி செய்திருந்தது. நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் ஒவ்வொரு செலவையும் குறைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நியூகாசில் பிரபு தலைமையில் 1858இல் அமைந்த விசாரணைக் குழு 1861இல் அறிக்கை தந்தது. பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை, சீக்கிரமே படிப்பை விட்டு வேலைக்குப் போகிறார்கள், ஆசிரியர்கள் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் அக்கறை காட்டிவிட்டுச் சின்னவர்களைக் கவனிக்காமல் விடுகிறார்கள், எழுதப் படிக்கவே சரியாக வராமல் பலர் வெளியேறுகிறார்கள் என்றது. இதெல்லாம் பெரும்பாலும் உண்மை. மானியத்தின் ஒரு பகுதியைத் தேர்வோடு இணைக்கலாம் என்பது குழு சொன்ன யோசனை. லோ அந்தப் பகுதியை எடுத்து ஏறக்குறைய முழு மானியத்துக்கும் அடிப்படை ஆக்கினார்.

1862 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அவர் கொடுத்த வாக்குறுதி பிறகு பல தலைமுறை நினைவில் நின்றது: இந்த முறை மலிவாக இல்லாவிட்டால் திறமையாக இருக்கும், திறமையாக இல்லாவிட்டால் மலிவாக இருக்கும். பிள்ளை படித்திருந்தால் பணம் போகும், படிக்காவிட்டால் பணம் மிஞ்சும். எப்படிப் பார்த்தாலும் அரசுக்கு நஷ்டமில்லை. இத்தனை நாள் பள்ளிகளுக்குப் பாதுகாப்பும் சலுகையும் கொடுத்தோம், இனிக் கொஞ்சம் தடையற்ற வணிகத்தைக் கொண்டுவருவோம் என்றும் சொன்னார். தானிய வரியை ஒழித்து வளம் கண்ட தலைமுறை அது. சந்தைக்குப் பொருந்தியது பள்ளிக்கும் பொருந்தும் என்று உண்மையிலேயே நம்பினார்கள்.

லோ கொண்டுவந்த விதிமுறையின் கணக்கைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சராசரி வருகைக்காகப் பிள்ளை ஒன்றுக்கு 4 ஷில்லிங். ஆறு வயது தாண்டி, ஆண்டில் 200 வேளைக்கு மேல் பள்ளிக்கு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னொரு 8 ஷில்லிங். ஆனால் அது தேர்வுக்கு உட்பட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்று பாடம். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. மூன்றிலும் தவறினால் எட்டும் போச்சு. தேர்வுக்கு உரிய 60 பிள்ளைகள் இருக்கும் ஒரு கிராமப் பள்ளியில் 20 பேர் கணக்கில் மட்டும் தவறினால், 2 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் கையை விட்டுப் போகும். முன்பு ஆசிரியருக்கு நேராக வந்துகொண்டிருந்த அரசுத் தொகையும் நின்றுவிட்டது. பணம் எல்லாம் பள்ளி நிர்வாகிகள் கைக்குப் போனது. ஆசிரியர் அவர்களிடம் பேரம் பேசித் தன் சம்பளத்தை முடிவுசெய்துகொள்ள வேண்டும். மானியத்தில் பாதி உனக்கு, பாதி பள்ளிக்கு என்பதுபோன்ற ஒப்பந்தங்கள் பல ஊர்களில் நடந்தன. அப்படிப்பட்ட ஊரில் ஏழு வயதுப் பிள்ளையின் கூட்டல் பிழை ஆசிரியர் வீட்டு அடுப்புவரைக்கும் போனது.

ஆறு படிநிலைகள் வகுத்தார்கள். முதல் நிலையில் ஓரசைச் சொற்களால் ஆன சிறு கதையை வாசிக்க வேண்டும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் சொல்லச் சொல்லச் சிலேட்டில் எழுத வேண்டும். 20 வரை இலக்கம் எழுதி, 10 வரை வாயாலேயே கூட்டிக் கழிக்க வேண்டும். ஆறாம் நிலையில் செய்தித்தாளில் ஒரு சாதாரணப் பத்தியை வாசிக்க வேண்டும், அதே மாதிரிப் பத்தியைச் சொல்வதெழுத வேண்டும், கடைக்காரர் பில் போடும் கணக்கைச் செய்ய வேண்டும். ஒரே நிலையில் ஒரு பிள்ளையை இரண்டு தடவை தேர்வுக்கு நிறுத்தக் கூடாது என்றும் ஒரு விதி. வரலாறு, பூகோளம், பாட்டு, படம் எதற்கும் பைசா கிடையாது.

பரீட்சை நாள் ஊருக்கே தெரிந்துவிடும். வகுப்பறை கழுவப்பட்டிருக்கும். பிள்ளைகள் இருப்பதில் நல்ல சட்டை போட்டு வந்திருப்பார்கள். இன்ஸ்பெக்டர் உதவியாளரோடு வந்து, பெயர்ப்பட்டியலை மேசையில் விரித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கட்டத்தில் தேர்ச்சி, தவறு என்று குறிப்பார். பெயர் கூப்பிட்டதும் பிள்ளை முன்னால் வந்து நாலு வரி வாசிக்க வேண்டும். ஒரு நாளில் நூறு, நூற்றைம்பது பிள்ளைகள் என்றால், ஒருவருக்கு எத்தனை நிமிடம்? அந்தச் சில நிமிடத்தில் பயந்து வாயடைத்துப்போன பிள்ளையும் ஒன்றுமே தெரியாத பிள்ளையும் பட்டியலில் ஒன்றுதான். ஓரத்தில் நிற்கும் ஆசிரியருக்கு வருமானம் அந்தக் கட்டங்களில் விழுந்துகொண்டிருந்தது.

இதற்குப் பள்ளிகள் எப்படித் தயாராயின என்பதை யாரும் சதி செய்து கண்டுபிடிக்கவில்லை. பிழைக்க வேண்டிய மனிதர்கள் தாமாகவே வந்து சேர்ந்த வழிகள் அவை. ஆண்டுக்கு ஒரு வாசிப்புப் புத்தகம். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பிள்ளை ஒப்பிக்கும். அந்தப் புத்தகத்துக்கு வெளியே ஒரு வரி கொடுத்தால் தடுமாறும். சூட்டிகையான பிள்ளையால் இரண்டு நிலையைத் தாண்ட முடியும் என்றாலும் தாண்ட விடவில்லை. ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வோர் ஆண்டு நிறுத்தினால் ஒவ்வோர் ஆண்டும் எட்டு ஷில்லிங் உறுதி. எப்படியும் தேறிவிடும் பிள்ளையைச் சும்மா விட்டுவிட்டு, விளிம்பில் நிற்கும் பிள்ளையைப் போட்டுக் குடைந்தார்கள். 200 வேளைக்கு இரண்டொரு வேளை குறைந்தால் வருகைப் பதிவேட்டில் கோடு விழுந்தது. உடம்பு சரியில்லாத பிள்ளைகளையும் பரீட்சை நாளன்று வரவழைத்தார்கள்.

இதையெல்லாம் தம் கண்ணால் பார்த்து எழுதியவர் மேத்யூ ஆர்னால்ட். கவிஞர், விமர்சகர் என்று உலகம் அறியும். ஆனால் 1851 முதல் 1886 வரை அவருக்குச் சோறு போட்டது பள்ளி இன்ஸ்பெக்டர் வேலை. புதிய விதிமுறை வரும்போதே, 1862இல், ‘ஃபிரேசர்ஸ்’ இதழில் அதைக் கடுமையாகத் தாக்கிக் கட்டுரை எழுதினார். சம்பளம் தரும் துறையின் கொள்கையை எதிர்க்க ஓர் அரசு ஊழியருக்குத் துணிச்சல் வேண்டும். 1867 அறிக்கையில் அவர் பதிவுசெய்தது இன்னும் முக்கியம். சாமர்த்தியமாகத் தயார்செய்தால் உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ தெரியாத பிள்ளைகளையும் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வில் தேர்ச்சி பெற வைக்கலாம் என்று கண்டுகொண்டார்கள் என்றார். இதைவிடத் துல்லியமாக இந்த முறையின் கோளாற்றை அன்று யாரும் சொல்லவில்லை. பள்ளிகளின் உயிரே போய்விட்டது என்றும், முன்பெல்லாம் இன்ஸ்பெக்டர் வந்தால் ஆசிரியரோடு உட்கார்ந்து பாடம் எப்படி நடக்கிறது என்று பேச முடிந்தது, இப்போது பெயர்ப்பட்டியலை நிரப்பவே நேரம் போதவில்லை என்றும் வருந்தினார்.

விதிமுறை கொண்டுவந்த இன்னொரு பொருள் பள்ளி நாட்குறிப்பு. தலைமையாசிரியர் வாரம் ஒரு தடவையாவது அதில் எழுத வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட வேண்டும். பொதுவான எண்ணங்களோ கருத்துகளோ அதில் எழுதக் கூடாது, நடந்ததை மட்டும் எழுத வேண்டும் என்பது கட்டளை. இங்கிலாந்தின் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இந்தத் தடித்த நோட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இன்று மழை, பாதிப் பேர் வரவில்லை. அறுவடை, பெரிய பையன்கள் வயலில். அம்மை பரவுகிறது. இரண்டாம் நிலைக்குக் கணக்கு இன்னும் பலவீனம். இந்த மாதிரிப் பதிவுகள்தான் பக்கம் பக்கமாக. கருத்து எழுதக் கூடாது என்று கட்டிப்போட்ட பிறகும் அந்த மனிதர்களின் கவலை வரிகளுக்கு நடுவே தெரிகிறது. இன்ஸ்பெக்டர் வரும் மாதம் நெருங்க நெருங்கக் குறிப்புகள் எல்லாம் தேர்வையே சுற்றுகின்றன. லோ விட்டுச்சென்றவற்றில் வரலாற்றாசிரியர்கள் நன்றி சொல்ல வேண்டிய ஒன்று இது.

கணக்குக் கேட்டவரே கணக்குச் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. இன்ஸ்பெக்டர்களின் ஆண்டு அறிக்கைகள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும். துறைக்குப் பிடிக்காத பகுதிகள் இருந்தால் அந்த அறிக்கையை எழுதியவருக்கே திருப்பி அனுப்புகிறார்கள், அவர் திருத்தாவிட்டால் வெளியிடுவதே இல்லை என்று புகார் கிளம்பியது. ஆட்சேபிக்கப்பட்ட வரிகளுக்குப் பக்கத்தில் குறியிட்ட அறிக்கைகள் இருக்கின்றனவா என்று கேட்டபோது, அப்படி ஒன்றும் இல்லை என்று லோ அவையில் உறுதி சொன்னார். குறியிட்ட தாள்கள் வெளிவந்தன. 1864 ஏப்ரல் 12இல் ராபர்ட் செசில் பிரபு கொண்டுவந்த கண்டனத் தீர்மானம் 101க்கு 93 என்ற வாக்கில் நிறைவேறியது. பிற்காலத்தில் சால்ஸ்பரி என்ற பெயரில் பிரதமராக ஆனவர் இந்த செசில்தான். லோ பதவி விலகினார். தாள்களைத் தம் கண்ணால் தாம் படிப்பதில்லை, பிறர் படித்துக்காட்டக் கேட்பதுதான் வழக்கம், ஆகவே குறிகள் இருந்தது தமக்குத் தெரியாது என்று விளக்கினார். பிறகு நடந்த விசாரணை அவர் பொய் சொல்லவில்லை என்று ஏற்றது. அவை தன் தீர்மானத்தையும் திரும்பப் பெற்றது. லோ தனிப்பட்ட முறையில் நேர்மையானவர் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் திட்டம் களத்தில் எப்படி வேலை செய்கிறது என்று மேலே சொல்லக்கூடிய ஒரே கூட்டம் இன்ஸ்பெக்டர்கள். அவர்கள் வாயைத் துறை அடைக்க முயன்றது அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான். ஏழு வயதுப் பிள்ளையிடம் கண்டிப்பாகக் கேட்ட கணக்கை அந்த அலுவலகம் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

மலிவு என்ற பாதி வாக்குறுதி நிறைவேறியது. மானியம் 1865இல் 6,37,000 பவுண்டாக இறங்கியது. சேமித்த இடம் எது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. 1861இல் 13,000க்கு மேல் இருந்த மாணவ-ஆசிரியர்கள், ஐந்தே ஆண்டில் 9,000க்கும் கீழே போனார்கள். பள்ளி நிர்வாகிகளுக்கு அவர்களை வைத்துப் பயிற்றுவிப்பது லாபமாக இல்லை. அடுத்த தலைமுறை ஆசிரியர்களை வளர்ப்பதற்கு இந்த ஆண்டுப் பரீட்சைப் பட்டியலில் கட்டம் கிடையாது. கே-ஷட்டில்வொர்த் உயிரோடு இருந்து இதையெல்லாம் பார்த்தார். இப்படித்தான் ஆகும் என்று 1861இலேயே நீண்ட கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்.

நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் அது தவறு. மந்தமான பிள்ளை, கடைசி பெஞ்சுப் பிள்ளை, முன்பு யார் கண்ணிலும் படாத பிள்ளை, எட்டு ஷில்லிங் பெறுமானம் ஆனதால் கவனிப்புப் பெற்றது. வருகைப் பதிவேடு ஒழுங்கானது. எந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்ற விவரம் முதல்தடவையாக நாடு முழுவதற்கும் ஒரே அச்சில் கிடைத்தது. இதற்காகவே லோவை ஆதரித்த நல்லவர்கள் இருந்தார்கள்.

அதன்பின் முப்பது ஆண்டுக் கதை ஒட்டுப்போடும் கதை. மூன்று பாடத்துக்கு மட்டும் பணம் என்றதும் மற்றப் பாடங்கள் வாடின. உடனே 1867இல் இலக்கணம், பூகோளம், வரலாறு போன்றவற்றுக்குத் தனி மானியம். அவையும் மனப்பாடம் ஆயின. ஆறுகளின் பெயரும் முனைகளின் பெயரும் ராகம் போட்டு ஒப்பிக்கப்பட்டன. 1882இல், லோவின் பழைய பதவியில் முண்டெல்லா இருந்த காலத்தில், எல்லாவற்றையும் சேர்த்துப் பள்ளியைச் சுமார், நன்று, மிக நன்று என்று தரம் பிரித்துத் தகுதி மானியம். ஒரு கட்டத்தில் வழிந்தால் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்தார்கள். 1884இல் டாக்டர் கிரைட்டன்-பிரௌன் லண்டன் தொடக்கப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து, பாதிக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள் தலைவலி என்கிறார்கள், தூக்கத்தில் கணக்கு உளறுகிறார்கள் என்ற வகையில் அறிக்கை எழுதினார். பசியோடு வரும் பிள்ளைகளைப் போட்டு இப்படி விரட்டுவது உடம்பைக் கெடுக்கும் என்றார். இன்ஸ்பெக்டர் ஃபிட்ச், டாக்டர் கேள்வி கேட்ட விதமே பதிலைத் தூண்டுவது என்று மறுப்பு எழுதினார். பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்தது.

ஆசிரியர்கள் 1870இல் தேசிய அளவில் சங்கம் கட்டியதற்கு இந்த முறையின் மேல் இருந்த கோபம் பெரிய காரணம். 1886இல் கிராஸ் ஆணையம் அமைந்து இரண்டு ஆண்டு விசாரித்தது. 1890இல் பிள்ளை பிள்ளையாக மூன்று பாடத்தில் சோதித்துப் பணம் தரும் வழக்கம் நின்றது. மிச்சமிருந்த கூறுகளும் 1897க்குள் உதிர்ந்தன. 1875 முதல் இன்ஸ்பெக்டராக இருந்து, தம் கையாலேயே ஆயிரக்கணக்கான கட்டங்களில் குறிபோட்ட எட்மண்ட் ஹோம்ஸ், ஓய்வுக்குப் பிறகு 1911இல் ஒரு புத்தகம் எழுதினார். முறை ஒழிந்து பதினைந்து ஆண்டு ஆகியும் ஆசிரியர்களிடம் அதன் பழக்கம் ஒழியவில்லை, கட்டளைக்குக் காத்திருக்கவே பழகிவிட்டார்கள், அப்படிப் பழக்கியது அரசுதான் என்பது அதன் சாரம்.

கப்பலேறிப் போன ஊர்களில் முறை இன்னும் அதிக நாள் நிலைத்தது. அயர்லாந்தில் 1872 முதல் 1900 வரை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1905 வரை. இலங்கையில் 1869இல் பொதுக்கல்வித் துறை தொடங்கியதை ஒட்டி மானியப் பள்ளிகளுக்கு இதே அளவுகோல்தான் வந்தது. சென்னை மாகாணத்தில் 1865ஆம் ஆண்டு மானிய விதிகளிலேயே இரண்டு பாதை இருந்தன. ஒன்று சம்பள மானியம். சான்றிதழ் பெற்ற ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு தரும். இன்னொன்று தேர்ச்சிப்படி மானியம். அப்போது இ.பி. பவல் கல்வித்துறை இயக்குநர். சான்றிதழ் ஆசிரியர் எங்கே கிடைப்பார், கிராமத்துப் பள்ளிக்கு இரண்டாவது பாதைதான் என்று ஆனது. அந்தப் பள்ளிகளுக்கு ‘ரிசல்ட்ஸ் ஸ்கூல்’ என்றே பெயர் விழுந்தது.

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இதற்குள் இழுக்கப்பட்ட கதை தனியாக எழுதத்தக்கது. 1826இல் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். வாத்தியாருக்கு அரசு சம்பளம் கிடையாது. வீட்டுக்கு வீடு நெல்லும் காசும், பண்டிகைக்கு வேட்டியும். மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலையில் எழுத்தாணி பிடித்து, எண்சுவடியையும் நெல்லிலக்கத்தையும் வாயால் சொல்லிச் சொல்லிப் படித்த பிள்ளைகளை ஊர்ப் பெரியவர்களே கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள். முக்கால், அரைக்கால், மாகாணி என்று சரளமாகப் பெருக்காவிட்டால் வாத்தியாருக்குத் தெருவில் மரியாதை போய்விடும். அங்கேயும் மனப்பாடம் உண்டு, அடி உண்டு, சாதிக் கதவும் உண்டு. அதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஆனால் வாத்தியார் பதில் சொல்ல வேண்டியது அந்தத் தெருவுக்கு. ரிசல்ட்ஸ் மானியம் வந்தபின் அவர் பதில் சொல்ல வேண்டியது மாவட்டத் தலைநகரிலிருந்து மாட்டுவண்டியில் வரும் பட்டியலுக்கு. ஓலை போய் அச்சுப் புத்தகம் வந்தது, வருகைப் பதிவேடு வந்தது, ‘ஸ்டாண்டர்டு’ வந்தது. 1871க்குப் பிறகு உள்ளூர் நிதி வாரியங்களும் இதே வழியில் பணம் கொடுத்தன. அரசு குறைந்த செலவில் ஏராளமான பள்ளிகளைத் தன் கணக்கில் காட்ட முடிந்தது. மானியம் கிடைத்ததால் புதுப் பள்ளிகள் முளைத்ததும் நிஜம். ஆனால் மழை பொய்த்து ஊரே பஞ்சம் பிழைக்கப் போன ஆண்டில், பரீட்சைக்கு நிறுத்தப் பிள்ளை இல்லாத வாத்தியாருக்கு அந்த விதியில் வழி இல்லை.

1882இல் ஹண்டர் தலைமையில் அமைந்த இந்தியக் கல்வி ஆணையம், கல்லூரிகளுக்கு இந்த முறை வேண்டாம் என்றது. தொடக்கப் பள்ளிகளுக்கு நீடிக்கலாம் என்றது. பின்தங்கிய பகுதிகளுக்கு மட்டும் விலக்கு. அதாவது, படித்தவர்களின் நிறுவனங்களுக்குப் பொருந்தாத அளவுகோல் ஏழைகளின் நிறுவனங்களுக்குப் போதும் என்று ஆனது. இங்கிலாந்திலும் ஈட்டன், ஹாரோ பிள்ளைகளை யாரும் எட்டு ஷில்லிங்குக்குச் சோதிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்சன் காலத்துச் சீர்திருத்தங்களோடுதான் இந்தியாவில் இது கைவிடப்பட்டது.

பிறகு ஐம்பது ஆண்டுகளில் நிர்வாகம் என்பதே ஒரு படிப்பாகிவிட்டது. 1954இல் பீட்டர் டிரக்கர், வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர், நிறுவனத்தில் ஒவ்வொருவரும் இலக்கு வைத்துக்கொண்டு உழைப்பதைப் பற்றி எழுதினார். அவர் சொன்னதில் ஒரு நிபந்தனை இருந்தது: இலக்கை வகுப்பதில் வேலை செய்பவருக்குப் பங்கு வேண்டும், அளவீடு அவர் தம்மைத் தாமே திருத்திக்கொள்ள உதவ வேண்டும், மேலே இருப்பவர் கையில் சாட்டையாகக் கூடாது. லோவின் பட்டியலுக்கு நேர் எதிரான எண்ணம் இது. ஆனால் கம்பெனிகளும் அரசாங்கங்களும் இலக்கை எடுத்துக்கொண்ட வேகத்தில் இந்த நிபந்தனையை எடுத்துக்கொள்ளவில்லை.

1969இல் அமெரிக்காவில், ஆர்கன்சாவும் டெக்சாசும் தொட்டுக்கொள்ளும் டெக்சர்கானா ஊரில், எட்டு ஷில்லிங் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை டாலரில். படிப்பில் பின்தங்கி, பள்ளியை விட்டே போய்விடக்கூடிய பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் வேலையை டார்செட் என்ற தனியார் கம்பெனிக்கு மத்திய அரசு நிதியில் ஒப்பந்தம் விட்டார்கள். 80 மணி நேரத்துக்குள் ஒரு பிள்ளை ஒரு வகுப்பு அளவு முன்னேறினால் 80 டாலர் என்பது போன்ற கணக்கு. தேறிய பிள்ளைகளுக்கு டிரான்சிஸ்டர் ரேடியோ பரிசு. முதலில் வந்த மதிப்பெண்களைப் பார்த்து நாடே வியந்தது, பார்வையாளர்கள் குவிந்தார்கள். 1970 வசந்தத்தில், இறுதித் தேர்வில் வந்த கேள்விகளில் பல முன்கூட்டியே பாடத்திலேயே புகுத்தப்பட்டிருந்தது தெரிந்தது. மதிப்பெண்ணை நம்ப முடியாமல் போயிற்று. இன்ஸ்பெக்டரின் புத்தகத்தை மனப்பாடம் செய்ய வைத்த அதே வழி, நூறு ஆண்டு கழித்து, இயந்திரத்தின் துணையோடு.

அதற்குள் மத்திய அரசின் பொருளாதார வாய்ப்பு அலுவலகம் இதையே பெரிய அளவில் சோதிக்கத் தொடங்கியிருந்தது. 1970-71 கல்வியாண்டில் 18 பள்ளி மாவட்டங்கள், ஆறு கம்பெனிகள். ஒப்பிட்டுப் பார்க்க, வழக்கமான வகுப்பில் படித்த பிள்ளைகளும் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். 1972 தொடக்கத்தில் முடிவு வந்தது: ஒப்பந்தக் கம்பெனிகளிடம் படித்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி எதுவும் கூடுதலாகக் கற்கவில்லை. இதைச் சோதித்து, சாதகமில்லாத முடிவையும் மறைக்காமல் வெளியிட்ட அந்த அலுவலகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்; 1864இல் லண்டனில் நடக்காதது அது. சமூக விஞ்ஞானி டொனால்ட் கேம்பெல் சில ஆண்டுகளில் ஒரு விதியாகவே வகுத்துச் சொன்னார்: ஓர் அளவீட்டை வைத்து முடிவெடுப்பது எவ்வளவு அதிகமாகிறதோ, அவ்வளவுக்கு அந்த அளவீடும் கெடும், அது அளக்க வந்த வேலையையும் கெடுக்கும். அவர் காட்டிய உதாரணங்களில் டெக்சர்கானாவும் ஒன்று.

ஒப்பந்தக் கம்பெனிகள் மறைந்தன. பொறுப்புடைமை என்ற கோரிக்கை மறையவில்லை. பள்ளியை விட்டு அது அரசாங்கத்தின் மாடிப்படி ஏறியது. 1973 ஏப்ரலில் அதிபர் நிக்சன் 21 மத்தியத் துறைகளுக்கும் அமைப்புகளுக்கும் கடிதம் அனுப்பி, இந்த ஆண்டு உங்கள் இலக்குகள் என்னென்ன என்று எழுதித் தரச் சொன்னார். டிரக்கரின் புத்தகம் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்த வழியும், துறைத் தலைவர்கள் அனுப்பிய இலக்குகளின் பட்டியலுக்கு வாட்டர்கேட்டின் நடுவே என்ன நேர்ந்தது என்பதும் அடுத்த இதழில்.